போடிமெட்டுக்கு அந்தப் பக்கம்: 1933-இன் ஒரு பறவைப் பட்டியல்

ஆடி மாதத்தில் போடிமெட்டுக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். அதற்கு இன்றுவரை திட்டு வாங்குகிறேன். முந்தலில் டீ குடிக்கும்போது நல்ல வெயில். 17 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து மேலே போய்ச் சேர்ந்தால் மேகம், காற்று, மழை! எங்கள் பகுதி மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றைக்குத்தான் உடம்பால் புரிந்துகொண்டேன். தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, உச்சியில் சாரலாக எட்டிப் பார்த்துவிட்டு, போடிக்கும் பொட்டிபுரத்துக்கும் வெறும் காற்றை மட்டும் அனுப்பி வைக்கிறது.

மூன்று பேர், ஒரு பைனாகுலர், இரண்டு குடை. நாலு மணி நேரத்தில் பார்த்தது 7 வகைப் பறவைகள். அதில் காகமும் மைனாவும் அடக்கம் (சிரிக்காதீர்கள்). ஆனால் ஏலத்தோட்டத்துக்குக் கீழே ஓடைப் பக்கமிருந்து, யாரோ ஒரு பையன் பாட்டு மறந்துபோய் மறுபடி மறுபடி விசிலடிப்பது போல ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. சீகாரப் பூங்குயில் என்றான் நண்பன். வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயரே 'விசிலடிக்கும் பள்ளிக்கூடப் பையன்'தான். மற்ற பறவைகள் ஒடுங்கிக் கிடக்கும் மழையில்தான் இதற்குக் கொண்டாட்டம். கடைசிவரை கண்ணில் படவில்லை.

கண்ணில் படாததைப் பட்டியலில் எழுதலாமா கூடாதா என்று எங்களுக்குள் சண்டை. அப்படியானால் இந்த மலையின் பறவைகளை முதலில் எழுதி வைத்தவர்கள் எப்படி எழுதினார்கள் என்று தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

போடிமெட்டைத் தாண்டினால் பூப்பாறை, அதற்கப்புறம் சாந்தன்பாறை. ஏலக்காய்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். 1933-இல் அங்கே முகாம் போட்டவர் சலீம் அலி. அப்போது அவர் 'பறவை மனிதர்' எல்லாம் இல்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்த்த வேலை போய்விட்ட, முப்பத்தாறு வயது ஆள். பறவைகளைக் கணக்கெடுக்கிறேன், செலவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சமஸ்தானங்களுக்காக வேலை செய்தார். ஹைதராபாத் முடிந்து அடுத்தது திருவிதாங்கூரும் கொச்சியும். ஜனவரியில் தொடங்கிய பயணம் மறையூர், மூணாறு, சாந்தன்பாறை, குமுளி, தட்டேக்காடு என்று நீண்டது. மனைவி தெஹ்மினாவும் கூடவே முகாம்களில் இருந்தார். திருவனந்தபுரம் அருங்காட்சியகத்திலிருந்து என்.ஜி. பிள்ளை வந்திருந்தார்.

எங்கள் சண்டைக்குப் பதில் இங்கே கிடைத்தது. அந்தக் காலத்தில் கண்ணில் பட்டால்கூடப் போதாது. சுட வேண்டும்! தோலை உரித்து, பஞ்சு அடைத்து, காலில் ஊரும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்ட வேண்டும். அந்தத் தோல்களை ஆராய்ந்து குறிப்பு எழுதியவர் ஹியூ விஸ்லர் என்ற ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி. சிறகின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் இது தனி இனமா, கிளை இனமா என்று பேச முடிந்தது. எனக்கு இதைப் படிக்கையில் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அந்தச் சீட்டுகள் இல்லையென்றால் 1933-இல் சாந்தன்பாறையில் எது இருந்தது என்று இன்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மை.

கணக்கெடுப்பு 1935 முதல் 1937 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வந்தது. 1953-இல் 'திருவிதாங்கூர் கொச்சிப் பறவைகள்' என்று புத்தகமானது. மாநிலம் மாறியதும் 1969-இல் 'கேரளப் பறவைகள்' ஆனது. 2009-இல் கேரளத்துப் பறவை ஆர்வலர்கள் அவர் போன அதே இடங்களுக்குத் திரும்பப் போய், 75 ஆண்டுகளில் என்ன மாறியது என்று பார்த்தார்கள்.

கவனித்தீர்களா நண்பர்களே? தலைப்பிலேயே எல்லை இருக்கிறது. சமஸ்தானம் கேட்ட கணக்கு சமஸ்தானத்தோடு நிற்கும். மலை முகட்டுக்கு இந்தப் பக்கம் அன்று சென்னை மாகாணம். எங்கள் கிழக்குச் சரிவு, அந்தப் புத்தகங்களின் அட்டைக்கே வெளியே.

பறவைகளுக்கு இந்த முகடு எல்லையே இல்லை. 1860களில் அகமதுநகரில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்க், பழனி மலையில் சேகரித்த பறவைகளை பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் புது இனங்களாக விவரித்தார். ஒன்று பழனி சிரிப்பான், அறிவியல் பெயரில் இன்றும் ஃபேர்பேங்க் ஒட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொன்று வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. கிளி அல்ல, மலையாளத்தில் கிளி என்றாலே பறவைதான். பாலக்காட்டுக் கணவாய்க்கும் அச்சன்கோவில் கணவாய்க்கும் நடுவே பழனி, மூணாறு, மேகமலை எல்லாம் இந்தச் சிரிப்பானுக்கு ஒரே வீடு. 2017-இல் வி.வி. ராபின் குழுவினர் மரபணுவை ஆராய்ந்து சோலைக்கிளிகளுக்குத் தனிப் பேரினமே கொடுத்தார்கள். பெயர் 'ஷோலிகோலா'. நம்முடைய 'சோலை'தான்!

இந்த முகடு எங்கள் ஊருக்கு வேறு விதத்திலும் முக்கியமானது. பொட்டிபுரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டும் திட்டத்துக்கு 2011-இல் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை, 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. காரணம், பூப்பாறைப் பக்கம் 2003-இல் அறிவிக்கப்பட்ட மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருந்தது. 2022-இல் தமிழக அரசும் இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. திட்டம் நல்லதா கெட்டதா என்று ஊருக்குள்ளேயே ஆளுக்கொரு பேச்சு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் எங்கள் மலைக்கான வழக்கில் முன்னால் வந்து நின்றது அந்தப் பக்கத்துக் காடு. அந்தக் காட்டுக்கு 1933-இலிருந்தே பக்கத்து முகாமின் பட்டியல் இருக்கிறது. அம்பரப்பர் மலையில் எந்த மழையில் எது பாடியது என்று கேட்டால் நான் யாருடைய குறிப்பைக் காட்டுவேன்?

மதியம் இறங்கும்போது பாதி வழியில் மழை விட்டது. பஸ்சுக்காக ஒரு வளைவில் நின்றிருந்தோம். கீழே பள்ளத்தில், தமிழ்நாட்டுப் பக்கம், அதே பையன் அதே பாட்டை மறந்து விசிலடித்தான். நோட்டு நனைந்து மை ஊறிப் போயிருந்தது. பின்னட்டையில் எழுதி வைத்தேன்: சீகாரப் பூங்குயில், ஒன்று, கிழக்குச் சரிவு, சத்தம் மட்டும்.