கவசம் போட்டவனுக்குத் தாகம் எடுத்தால்...

போர்க் கதைன்னா நமக்கு வாள், துப்பாக்கி, டாங்கி இதுங்கதான் ஞாபகம் வரும். அதையெல்லாம் தூக்கிட்டுப் போன ஆள், குடிக்கிற தண்ணியை எங்க மாட்டிக்கிட்டுப் போனான்னு யாராவது கேட்டா முழிப்போம். சில்லறை மேட்டர் மாதிரி தெரியுதில்ல? இந்த சில்லறை மேட்டர்ல ஒரு ராஜ்ஜியமே கவுந்திருக்கு மக்களே. அங்கேருந்தே ஆரம்பிக்கலாம்.

1187 ஜூலை மாசம். ஜெருசலேமை ஆண்ட சிலுவைப்போர் மன்னர் கய், சஃபூரியாங்கிற இடத்துல படையோட முகாம் போட்டிருந்தார். அங்கே ஊற்றுத் தண்ணிக்குப் பஞ்சமில்லை. கிழக்கே 25 கிலோமீட்டர் சொச்சம் போனா ஏரிக்கரையில திபேரியா கோட்டை. அதை சலாதீன் முற்றுகை போட்டுட்டார். கோட்டைக்குள்ளே மாட்டியிருந்தது திரிப்போலி பிரபு ரேமண்டோட மனைவி. வேடிக்கை என்னன்னா, "வேண்டாம், வழியில தண்ணி கிடைக்காது, போனா படையே அழிஞ்சிடும்"னு தடுத்தது அந்த ரேமண்டேதான். மன்னரும் தலையாட்டிட்டார். ஆனா ராத்திரி டெம்ப்ளர் வீரர்களோட தலைவர் ஜெரார்டு தனியா வந்து ஓதினதுல மனசு மாறிடுச்சு. ஜூலை 3 காலையில படை கிளம்பிடுச்சு.

இப்ப அந்த வீரனோட உடம்புல என்ன இருந்ததுன்னு பாருங்க. வெளியே வளையம் வளையமா கோத்த இரும்புச் சட்டை, பத்து கிலோவுக்கு மேல. அதுக்கு உள்ளே பஞ்சு வச்சுத் தைச்ச தடிமனான சட்டை. தலையில இரும்புத் தொப்பி. மேலே ஜூலை மாச வெயில். சலாதீனோட குதிரை வில்லாளிகள் சுத்திச் சுத்தி அம்பு விட்டதால கவசத்தைக் கழட்டவும் வழியில்லை. சாயங்காலம் வரைக்கும் ஏரிக்குப் போய்ச் சேர முடியலை. தண்ணியே இல்லாத மேட்டுல ராத்திரி தங்கினாங்க. சலாதீன் ஆளுங்களுக்கு ஒட்டகத்துல தண்ணி வந்துக்கிட்டே இருந்தது. போதாததுக்கு காய்ஞ்ச புல்லுக்குத் தீ வச்சு புகையை வேற அனுப்பினாங்க.

நம்ம பக்கம் ஒருத்தனை அலைக்கழிச்சா "தண்ணி காட்டிட்டான்"னு சொல்வோம். சலாதீன் நிஜமாவே தண்ணி காட்டினார். மறுநாள் ஹத்தின் குன்று மேலே ஏறின காலாட்படைக்குக் கீழே ஏரி பளபளன்னு தெரியுது, ஆனா போக முடியலை. கீழே இறங்கி வந்து சண்டை போடச் சொன்னா, தாகத்துல எங்களால முடியலைன்னுட்டாங்க. அன்னிக்கே படை முடிஞ்சது. அக்டோபர்ல ஜெருசலேமும் போச்சு.

ஹத்தின் தோல்விக்கு அரசியல் காரணங்கள் எத்தனையோ இருக்கு, இல்லைன்னு சொல்லலை. எனக்கு இதுல முக்கியமாப் படறது வேற. கவசம் வெளியேருந்து வர்ற அம்பைத் தடுக்குது. அதே கவசம் உள்ளேருந்து போக வேண்டிய சூட்டையும் தடுக்குது. நம்ம உடம்பு வெயில்ல தப்பிக்கிறதே வேர்வை ஆவியாகிறதாலதான். ஒரு லிட்டர் வேர்வை முழுசா ஆவியானா சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். ஆவியாகாம சட்டைக்குள்ளேயே வழிஞ்சா பிரயோஜனம் இல்லை. உடம்போ, குளிரலையேன்னு இன்னும் இன்னும் வேர்க்கும். ஆக, கவசம் போட்டவனுக்கு மத்தவனைவிட தண்ணி அதிகம் வேணும். ஆனா தண்ணியை மாட்டிக்க அவன் உடம்புல இடம் கம்மி. எட்டு நூற்றாண்டு தாண்டியும் இந்தச் சிக்கல் அப்படியேதான் இருக்கு.

இனி ஒரே தாவா தாவி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1910ல அமெரிக்க ராணுவம் ஒரு அலுமினிய கேன்டீன் கொண்டு வந்தது. இது இட்லி வடை கிடைக்கிற கேன்டீன் இல்லை, இடுப்புப் பெல்ட்ல தொங்குற தண்ணி பாட்டில். கொள்ளளவு ஒரு குவார்ட், அதாவது கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அடியில ஒரு டம்ளர் பொருந்தி உட்காரும், மேலே துணி உறை. பின்னாடி எஃகு ஆச்சு, பிளாஸ்டிக் ஆச்சு. ஆனா இடமும் அளவும் மாறவே இல்லை.

அந்தக் காலத்து அதிகாரிகள் பலருக்கு ஒரு நம்பிக்கை. பட்டினி இருந்து பழகற மாதிரி, தண்ணி இல்லாம இருக்கவும் சிப்பாயைப் பழக்கிடலாம்னு. இதை உடைச்சவர் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அடால்ஃப். இரண்டாம் உலகப்போர் சமயத்துல அவரோட குழு கலிஃபோர்னியா பாலைவனத்துல சிப்பாய்களை வச்சே அளந்து பார்த்தது. 1947ல புத்தகமாவும் வந்தது. கண்டுபிடிச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு, தண்ணியைக் குறைச்சா வேர்வை குறையாது. வெயில்ல நடந்தா மணிக்கு ஒரு லிட்டர் போக வேண்டியது போயே தீரும். எந்தப் பயிற்சியும் இதை மாத்தாது. ரெண்டாவது இன்னும் சுவாரசியம். பக்கத்துலயே தண்ணி இருந்தாலும், வேலையில இருக்கிறவன் இழந்த அளவுக்குக் குடிக்க மாட்டான். தாகம் லேட்டாத்தான் வரும்.

ரெண்டாவது விஷயத்தை ராணுவங்கள் ரொம்ப நாள் கண்டுக்கவே இல்லை. தண்ணி இருக்குதாங்கிறது ஒரு கேள்வி. சட்டுனு வாய்க்கு எட்டுதாங்கிறது வேற கேள்வி. குப்புறப் படுத்துச் சுட்டுக்கிட்டு இருக்கிறவன் கேன்டீனை எடுக்கணும்னா, உறையைத் திறந்து, மூடியைத் திருகி, தலையைத் தூக்கி அண்ணாந்து குடிக்கணும். அந்த நேரத்துல தலையைத் தூக்குறதுன்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. அதனால "அப்புறம் குடிச்சுக்கலாம்"னு விட்டுடுவான்.

வியட்நாம்ல இது கண்கூடாவே தெரிஞ்சது. குண்டுச் சிதறலைத் தடுக்கிற சட்டை சுமார் 4 கிலோ. அந்தப் புழுக்கத்துல அதைப் போட்டுக்கிட்டு நடக்கறதை வெறுத்தவங்க நிறைய பேர். முடிஞ்சப்பல்லாம் கழட்டி வச்சாங்க. கேன்டீனை மட்டும் நாலு, அஞ்சுன்னு கூட்டிக்கிட்டே போனாங்க.

சிக்கலுக்கு ஒரு விடை கிடைச்சது ராணுவ ஆராய்ச்சிக் கூடத்துல இல்லை, சைக்கிள் பந்தயத்துல. டெக்சாஸ்ல விச்சிட்டா ஃபால்ஸ்னு ஒரு ஊர். அங்கே ஆகஸ்ட் வெயில்ல 100 மைல் சைக்கிள் ஓட்டம் நடக்கும். மைக்கேல் ஐட்சன்னு ஒருத்தர், ஆம்புலன்ஸ்ல வேலை பார்த்தவர். 1988ல ட்ரிப்ஸ் ஏத்துற பையில தண்ணியை ரொப்பி, அதை ஒரு நீள சாக்ஸுக்குள்ள விட்டு முதுகுல மாட்டிக்கிட்டார். குழாயைத் தோள் வழியா முன்னாடி கொண்டு வந்து, துணி காயப்போடுற கிளிப்பால அடைச்சார். கையை ஹேண்டில்பார்ல இருந்து எடுக்காமலே குடிச்சுக்கிட்டுப் போனார். அதுதான் பின்னாடி கேமல்பேக் கம்பெனி ஆச்சு.

தமாஷ் என்னன்னா, குழாய் வச்சுக் குடிக்கிற யோசனை ராணுவத்துகிட்ட ஏற்கெனவே இருந்தது. விஷவாயு முகமூடியைக் கழட்டாம கேன்டீன்லேருந்து உறிஞ்ச ஒரு குழாய் வச்சிருந்தாங்க. அதைச் சாதாரண வெயிலுக்கும் பயன்படுத்தலாமேன்னு தோணலை போல!

1990கள் கடைசியில இன்டர்செப்டர்ங்கிற புது கவசம் வந்தது. முன்னும் பின்னும் செராமிக் தட்டு, மொத்தம் சுமார் 7.4 கிலோ. முன்பக்கம் பூரா தோட்டாப் பைகள், பக்கவாட்டுல கிரெனேடு, ரேடியோ. இடுப்புல கேன்டீனுக்கு இடம் சுருங்கிப்போச்சு. மிச்சமிருந்தது முதுகு ஒண்ணுதான். 3 லிட்டர் தண்ணிப் பை அங்கே போய் உட்கார்ந்தது. தோள்ல குழாய், வாயில கடிச்சா தண்ணி. 2003க்கு அப்புறம் ஈராக்ல எடுத்த படங்களைப் பாருங்க, அந்தக் குழாய் இல்லாத ஆளைத் தேடணும்.

எல்லாம் சுபம்னு முடிக்க முடியாது. முதுகுல இருக்கிற பையில எவ்வளவு மிச்சம்னு கண்ணுக்குத் தெரியாது. உறிஞ்சும்போது காத்து வந்தாத்தான் தீர்ந்ததே தெரியும். குழாய்ல நிக்கிற தண்ணி வெயில்ல கொதிக்கும், குளிர்ல உறையும். கழுவாம விட்டா பூஞ்சை. பழைய ஆளுங்க இதோட ஒரு பாட்டிலையும் சேர்த்து மாட்டிக்கிறது இதனாலதான்.

சரி, நிறைய குடிச்சா நல்லதுதானேன்னு கேட்டா, அதுவும் ஆபத்து. ரத்தத்துல உப்பு நீர்த்துப்போய் ஆளே செத்துப் போகலாம். பயிற்சி முகாம்கள்ல அப்படி நடந்த பிறகு, 1998ல அமெரிக்க ராணுவம் விதியைத் திருத்தியது. மணிக்கு 1.5 குவார்ட், நாளைக்கு 12 குவார்ட், அதாவது சுமார் 11 லிட்டர், அதுக்கு மேல கூடாது. இன்னொரு கணக்கும் வச்சிருக்காங்க. கவசம் போட்டிருந்தா வெப்ப அளவோட 5 டிகிரி ஃபாரன்ஹீட் கூட்டிக்கணும். கவசம் தண்ணி கேக்கும்னு எழுத்துலயே ஒத்துக்கிட்டாங்க!

இப்ப கூட்டிப் பாருங்க. மணிக்கு ஒரு லிட்டர்னா ஏழெட்டு மணி நேர ரோந்துக்கு ஏழெட்டு கிலோ தண்ணி. இன்டர்செப்டரோட எடையும் கிட்டத்தட்ட அதேதான். இரும்பு வளையம் போய் செராமிக் வந்தாச்சு. ஒரு லிட்டர் தண்ணி மட்டும் ஹத்தின்ல இருந்த அதே ஒரு கிலோதான், எந்த விஞ்ஞானியாலயும் இளைக்க வைக்க முடியாது. முதுகுல மூணு லிட்டர் போக மீதி லாரியில வந்தாகணும். ஈராக்லயும் ஆப்கானிஸ்தான்லயும் அந்தத் தண்ணி லாரி வரிசைகளைக் குறிவச்சு ரோட்டோரத்துல குண்டு புதைச்சாங்க. கவசம் போட்டவனோட தாகத்தைத் தீர்க்கப் போய், லாரி ஓட்டினவங்க செத்தாங்க. சலாதீனோட ஒட்டகங்கள் மேலே கை வைக்க அன்னிக்கு யாருக்கும் தெம்பில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.