மெட்டாபிசிகல் கவிதை: வாசகர் வரவேற்பின் வரலாறு

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் டன் (1572–1631), ஜார்ஜ் ஹெர்பர்ட் (1593–1633), ஆண்ட்ரூ மார்வெல் (1621–1678), ஹென்றி வாகன் (1621–1695) முதலியோர் எழுதிய கவிதைகள் மெட்டாபிசிகல் கவிதை என வழங்கப்படுகின்றன. காதலையும் கடவுளையும் வாதிடும் குரலில் பேசுவதும், தொடர்பே இல்லாத இரு பொருள்களை ஒப்பிட்டு அந்த ஒப்புமையை இறுதிவரை தர்க்கமாக நடத்திச் செல்வதும் இவற்றின் இயல்பு. பிரியப்போகும் காதலர் இருவரின் உயிர்களை டன் கவராயத்தின் இரு கால்களாகக் காண்கிறார். ஒரு கால் நடுவில் ஊன்றியிருக்க, மற்றது தொலைவில் சுற்றுகிறது. அது விலக விலக ஊன்றிய காலும் அதன் பக்கம் சாய்கிறது. திரும்பி வந்ததும் நிமிர்கிறது. இக்கவிஞர்கள் ஒரு குழுவாக இயங்கியவர்கள் அல்லர். விமரிசகர்களின் மதிப்பீடு பலமுறை மாறியபோதும் இக்கவிதைகளைக் காத்து வந்தவர்கள் அவற்றை நேசித்த வாசகர்களே.

கையெழுத்துப் படிகளின் காலம்

டன் தம் வாழ்நாளில் மிகச் சில கவிதைகளையே அச்சேற்றினார். மற்றவை தாள்களாக நண்பர்களிடையே கைமாறின. சட்டம் பயின்ற இளைஞர்கள், அரசவையைச் சார்ந்தவர்கள், உயர்குடிப் பெண்கள் எனப் பலரும் அவற்றைத் தம் ஏடுகளில் படியெடுத்து வைத்துக்கொண்டனர். இவ்வாறு எடுக்கப்பட்ட தனிக் கவிதைப் படிகள் 4000க்கு மேல் இன்றும் உள்ளன. டன்னின் சொந்தக் கையெழுத்திலோ ஒரே ஒரு ஆங்கிலக் கவிதைதான் கிடைத்திருக்கிறது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1633இல், முதல் தொகுப்பு அச்சாயிற்று. 1669க்குள் அது ஏழு பதிப்புகள் கண்டது.

பக்தி வாசகர்கள்

பெமர்ட்டன் கிராமத்துப் பாதிரியாரான ஹெர்பர்ட், மரணப் படுக்கையிலிருந்து தம் கவிதை ஏட்டை லிட்டில் கிடிங்கில் வாழ்ந்த நண்பர் நிக்கலஸ் ஃபெரருக்கு அனுப்பினார். மனமொடிந்த ஓர் உயிருக்காவது அது உதவும் எனத் தோன்றினால் அச்சிடலாம், இல்லையேல் எரித்துவிடலாம் என்பது அவர் சொல்லியனுப்பிய செய்தி என, அவர் வரலாற்றை எழுதிய ஐசக் வால்ட்டன் கூறுகிறார். அதே 1633இல் ‘தி டெம்பிள்’ கேம்பிரிட்ஜில் வெளியாயிற்று. காரிஸ்புரூக் கோட்டையில் சிறையிருந்த மன்னர் முதலாம் சார்லஸ் படித்த நூல்களில் இதுவும் ஒன்று. ஹெர்பர்ட்டின் வாழ்வாலும் கவிதையாலும் மனம் திரும்பியோருள் தாமும் ஒருவர் என வாகன் தம் நூலின் முன்னுரையில் எழுதினார். 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி ஹெர்பர்ட்டின் கவிதைகளை வழிபாட்டுப் பாடல்களாக மாற்றியமைத்தார்.

மதிப்பு குறைந்த காலம்

நடையில் தெளிவும் சீரும் வேண்டும் என்ற ரசனை ஓங்கியபோது டன்னின் கரடுமுரடான ஓசை பிடிக்காமல் போயிற்று. காதல் கவிதையிலும் அவர் தத்துவம் பேசுகிறார் என்று 1693இல் ஜான் டிரைடன் குறை கூறினார். அலெக்சாண்டர் போப் டன்னின் அங்கதக் கவிதைகளைத் தம் காலத்து யாப்பில் திருத்தி எழுதினார். 1779இல் இதே வகைக் கவிஞரான ஆபிரகாம் கௌலியின் வரலாற்றை எழுதிய சாமுவேல் ஜான்சன், ஒட்டாத கருத்துகளை வலிந்து பிணைப்பவர்கள் என்று இவர்களைக் கண்டித்தார். எனினும் இப்படி எழுதப் படிப்பும் சிந்தனையும் தேவை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ‘மெட்டாபிசிகல் கவிஞர்கள்’ என்ற பெயர் நிலைத்ததும் அக்கட்டுரையால்தான்.

மீட்சி

இக்கவிஞர்களை டி. எஸ். எலியட் மீட்டெடுத்தார் என்று சொல்லப்படுவதுண்டு. மீட்சி அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1811இல் கோல்ரிட்ஜ், நண்பர் சார்லஸ் லேமிடமிருந்து இரவல் பெற்ற டன் தொகுப்பின் ஓரங்களில் குறிப்புகளை எழுதி நிறைத்தார். தாம் விரைவில் இறந்துவிடப்போவதாகவும், அதன்பின் புத்தகத்தில் கிறுக்கியதற்காக லேம் வருந்தமாட்டார் என்றும் அதிலேயே எழுதி வைத்தார். ராபர்ட் பிரவுனிங்கும் டன்னைப் போற்றினார். 1890களின் பிற்பகுதியில் லண்டன் பழைய புத்தகக் கடையில் சில காசுகளுக்கு வாங்கப்பட்ட பெயரற்ற கையெழுத்து ஏடுகள் முதலில் வாகனுடையவை எனக் கருதப்பட்டன. அவற்றை எழுதியவர் அதே நூற்றாண்டுக் கவிஞரான தாமஸ் டிராஹெர்ன் என்று புத்தக வணிகர் பெர்ட்ரம் டோபெல் நிறுவி, கவிதைகளை 1903இல் வெளியிட்டார்.

ஹெர்பர்ட் கிரியர்சன் 1912இல் டன்னின் கவிதைகளுக்குச் செம்பதிப்பும், 1921இல் இக்கவிஞர்களின் தொகைநூல் ஒன்றும் கொண்டுவந்தார். அத்தொகைநூலுக்கு எலியட் எழுதிய மதிப்புரை, சிந்தனையும் உணர்ச்சியும் பிரியாத கவிதை இது என வாதிட்டது. அதன்பின் இக்கவிதைகள் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் நிலைபெற்றன.

வகுப்பறைக்கு வெளியே

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல், கடும் தலைவலி வரும்போதெல்லாம் ஹெர்பர்ட்டின் ‘லவ்’ கவிதையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டார். முதலில் அழகிய கவிதை என்றே எண்ணியிருந்தது, அறியாமலே தமக்குப் பிரார்த்தனையாகிவிட்டது என்று கடிதம் ஒன்றில் எழுதினார். 1945இல் நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனைக்கு ராபர்ட் ஓப்பன்ஹைமர் ‘டிரினிட்டி’ (மூவொரு கடவுள்) எனப் பெயரிட்டார். தாம் நேசித்த டன்னின் கவிதைகள் அப்போது மனத்தில் இருந்ததாகப் பின்னர் தெரிவித்தார். அதே ஆண்டில், பெல்சன் நாஜி வதைமுகாமைக் கண்டு திரும்பிய பெஞ்சமின் பிரிட்டன் டன்னின் புனித சானெட்டுகளுக்கு இசையமைத்தார். ரஷ்யக் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி 1963இல் டன்னுக்கு நீண்ட இரங்கற்பா எழுதினார்.

1999இல் புலிட்சர் பரிசு பெற்ற மார்கரெட் எட்சனின் ‘விட்’ நாடகத்தில், புற்றுநோயால் சாகும் பேராசிரியை தம் வாழ்நாள் ஆய்வுப் பொருளான டன்னைத் தம் சாவின் முன் மீண்டும் படித்துப் பார்க்கிறார். 2022இல் கேத்தரின் ரண்டெல் எழுதிய டன் வரலாறு பெய்லி கிஃபர்ட் பரிசு பெற்றது. இத்தனை பேரை இக்கவிதைகள் ஈர்ப்பதற்குக் காரணம் அவற்றின் கட்டமைப்பிலேயே உள்ளது. பிரிவு, சந்தேகம், சாவு ஆகியவற்றின் முன் இவை முடிந்த முடிவைச் சொல்வதில்லை. வாதத்தைப் படிப்படியாக வாசகர் கண்முன் நடத்துகின்றன. அதைப் பின்தொடரும் வாசகர் தாமும் உடன் சிந்திக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சிந்தித்து அடைந்த கவிதையை அவர் தமதாகவே கருதுகிறார்.