சால் தைத்தவர் பெயர் எந்தப் பதிவேட்டில்?

மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் நகரை நோக்கிப் போனால் சானடோரியம் தாண்டிக் குரோம்பேட்டை. அது சாமி பெயரோ ஜமீன்தார் பெயரோ அல்ல. 1912இல் பல்லாவரத்தை ஒட்டி சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்கு 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை வாங்கினார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதை எளிதாக்கி இன்னொன்று வாங்கினார்.

அதற்கு முன்பு இங்கே தோல் பதனிடத் தெரியாமலா இருந்தது? சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட சென்னைத் தோல் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. தொட்டியில் இறங்கி மிதித்த உழைப்பில் பெரும்பங்கு நம் மக்களுடையது. அந்த அறிவுக்குக் கிடைத்த பட்டம் தீண்டாமை.

இன்னொரு பொருளைப் பாருங்கள்: கிணற்றில் கவலை இறைத்த தோல் சால். சாலின் அடியில் நீளமான தோல் வால் இருக்கும். ஒரு கயிறு சாலைத் தூக்கும், இன்னொரு கயிறு வாலின் நுனியை மடக்கிப் பிடிக்கும். மேலே வந்ததும் வால் நிமிர்ந்து தண்ணீர் தானாக வாய்க்காலில் கொட்டும். சாலைக் கவிழ்க்கத் தனி ஆள் தேவையில்லை. இது அசலான கண்டுபிடிப்பு. தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர் உள்ளிட்ட தோல் தொழிலாளர்கள். முதலில் யோசித்தவர் யாரென்று ஒரு ஏட்டிலும் இல்லை. 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் தோல் சோதனைகளைத் தொடங்கியபோது அவர் மனதில் இருந்ததும் இந்தச் சால்தான்: தண்ணீரில் ஊறி அழுகாத தோல் வேண்டும். சாட்டர்டன் பெயர் வரலாற்றில் இருக்கிறது. சால் தைத்தவர் பெயர் இல்லை.

இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டம் 1856இல் வந்தது. அதன் கீழ் முதலில் விண்ணப்பித்தவர் கல்கத்தாப் பொறியாளர் டிபென்னிங். கருவி, பங்கா இழுக்கும் இயந்திரம். துரைமார்களுக்காக இராப்பகலாகப் பங்கா இழுத்த கூலிகள் அந்த ஏட்டில் எங்கும் இல்லை. எழுதிக் கொடுத்தவனுக்கே உரிமை என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. எழுத்தே மறுக்கப்பட்டவர்கள் எப்படி எழுதிக் கொடுப்பார்கள்?

இன்றுள்ள 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(p) பிரிவு, மரபறிவுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. அடுத்தவர் அதைத் தனதாக்கிக்கொள்வதை இது தடுக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்த அறிவை வளர்த்த சமூகத்துக்கு இதனால் ஒரு காசும் வராது. பழையதை இந்தச் சட்டத்தால் மீட்க முடியாது. புதியதை விட்டுவிடாமல் இருக்க முடியும்.

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கும் தோழர்களுக்கு இதைச் சொல்கிறோம். மலக்குழியில் மனிதன் இறங்காமல் இருக்க ஒரு கருவி செய்கிறீர்களா? கண்காட்சியில் வைப்பதற்கு முன்பு, வீடியோ போடுவதற்கு முன்பு விண்ணப்பியுங்கள். வெளியே தெரிந்துவிட்டால் 'புதியது' என்ற தகுதி போய்விடும். கருவி முழுமையாகவில்லை என்றால் தற்காலிக விண்ணப்பம் போடலாம். முழு விவரம் தர 12 மாதம் இருக்கிறது. தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய்; ஆய்வுக் கட்டணம் தனி. கிடைத்தால் உரிமை 20 ஆண்டு. பொருளின் தோற்றம் மட்டும் புதிது என்றால் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது.

28ஆம் பிரிவையும் மறக்காதீர்கள். உரிமை கம்பெனிக்கோ கல்லூரிக்கோ போனாலும், உருவாக்கியவர் தன் பெயரைக் காப்புரிமையில் பதியக் கேட்கலாம். பேராசிரியர் பெயருக்குப் பின்னால் உங்கள் பெயர் காணாமல் போக வேண்டியதில்லை.

காப்புரிமை அலுவலகம் கிண்டியில், அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் இருக்கிறது. குரோம்பேட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். போய் நம் பெயரை எழுதிவிட்டு வருவோம்.