கொள்ளிவாய்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மேற்கு நோக்கி அமர்ந்து, ஏனைய குழந்தைகளுக்கு நிலாவைக் காட்டுவது போல, மணலியில் வானத்தை நக்கிக்கொண்டிருந்த தீநாக்கைக் காட்டி என் ஆயா எனக்குச் சோறூட்டிய இரவுகள் இன்னும் என் ஞாபகத்தில் அணையாமல் இருக்கின்றன. “தோ பார்றா கண்ணு, கொள்ளிவாப் பிசாசு வாயத் தொறந்துடுச்சி, நீயும் தொற” என்பாள். நானும் பயந்து வாயைத் திறப்பேன். ரசஞ்சோற்றுக் கவளம் உள்ளே போகும். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது 1969-இல். எஞ்சிய வாயுவை உயர்ந்த குழாயின் உச்சியில் எரித்துவிடுவது அத்தொழிலின் வழக்கம் என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. ஆனால் ஆயாவின் சொல் அந்த ஆலையோடு பிறந்ததன்று. அவள் பிறந்தது கத்திவாக்கத்தில், எண்ணூர்க் கழியோரம். கொசத்தலை ஆறு கடலோடு சேரும் அந்தச் சேற்றுவெளியில், புகைபோக்கிகள் எவையும் எழாத காலத்து இருட்டில், அவள் தன் சிறுவயதில் கேட்டுக் கற்ற சொல்லையே மணலிக்கு எடுத்துப் போர்த்தினாள்.

அச்சக் கதைகளிலும் மாயக் கதைகளிலும் எனக்கு இன்றுவரை நீங்காத பற்று உண்டு. அப்பற்றுக்கு வித்து அம்புலிமாமாவின் வேதாளம் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. ஆயாவின் அந்த ஒற்றைச் சொல்லே நான் கேட்ட முதல் பேய்க்கதை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் கொள்ளி, வாய், பிசாசு என்னும் மூன்று துண்டுகளுக்குள் ஒரு முழுக்கதை மடிந்து கிடக்கிறது.

முதலில் கொள்ளியை எடுத்துக்கொள்வோம். கொள் என்னும் அடிக்குத் தீப்பற்றுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. கொளுத்து என்பதும் அவ்வினத்ததே. எரிகிற கட்டை எதுவும் கொள்ளிதான் என்றாலும், வழக்கில் அச்சொல் அடுப்பங்கரையை விட்டு மெல்ல மெல்லச் சுடுகாட்டுக்குப் போய்விட்டது. கொள்ளி போட ஒரு பிள்ளை வேண்டும் என்கிறோம், கொள்ளிக்குடம் உடைக்கிறோம், குழாயடியில் சண்டை முற்றினால் “உன் வாய்ல கொள்ளிய வைக்க” என்று வசை பாய்கிறது. இந்த வசையைச் சற்று நின்று கேட்கவேண்டும். வாய்க்கரிசி இட்டபின் தீ இடுவது ஈமக் கிரியையின் முறை. அந்த வரிசையில் பிறர் வைக்க வேண்டிய நெருப்பைத் தானே வாயில் ஏந்தித் திரியும் உருவம் எதுவோ அதுவே கொள்ளிவாய்ப் பிசாசு. கிரியை செய்ய ஆளில்லாமற்போன உயிர், தன் கொள்ளியைத் தானே தூக்கிக்கொண்டு தன்னை முடித்துவைக்க ஒருவரைத் தேடி அலைகிறது என்றே நான் இச்சொல்லைப் படிக்கிறேன். அகராதி இவ்வளவு தூரம் போகவில்லை. ஆயினும் கடலில் போனவன் உடல் கரை சேராத வீடுகள் நிறைந்த ஒரு கரையில் வளர்ந்தவனுக்கு வேறு விதமாகப் படிக்கத் தோன்றாது.

எங்கள் ஊருக்கும் கொள்ளிக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. பெற்ற தாயின் சிதைக்கு முன் நின்று, தன்னை மகனே என்றழைத்த வாய்க்கு அரிசியிடுவதா, அந்தத் தலைமேல் கொள்ளி வைப்பதா என்று கதறிப் பாடிய பட்டினத்தாருடைய சமாதி திருவொற்றியூர்க் கடலோரத்தில்தான் இருக்கிறது. அவர் கையில் ஏந்தி வந்த பேய்க்கரும்பின் நுனி எவ்விடத்தில் இனிக்கிறதோ அவ்விடமே முத்தி கிடைக்கும் தலம் என்று சொல்லப்பட்டதாகவும், ஒற்றியூரில் அது இனித்ததாகவும் ஐதிகம். பேய்க்கரும்பு, பேய்ச்சுரை, பேய்ப்புடல் என்னும் பெயர்களில் பேய் என்பது ஆவியைக் குறிக்கவில்லை. மனிதன் கைப்படாத, கசக்கின்ற, காட்டுத்தனமான வகையைக் குறிக்கிறது. பேய்மழை, பேய்க்காற்று என்பவற்றிலும் அந்த அடங்காமையே பொருள். தொல்காப்பிய உரியியல் பே என்னும் சொல்லை அச்சப் பொருள் உடையதாக வைக்கிறது. ஆகவே தமிழில் பேய் என்பது முதலில் ஓர் உருவத்தின் பெயராக இருந்திருக்க வேண்டியதில்லை. ஓர் உணர்ச்சியின் பெயராக, நம் கைக்குள் அடங்காத ஒன்றின் முன் உடம்பு குலுங்கும் குலுக்கத்தின் பெயராக இருந்து, பிறகே காலும் கையும் பெற்றிருக்கலாம்.

பிசாசு என்னும் வடசொல் வேறு வழியாக வந்தது. பச்சை மாமிசம் தின்பது என்று அதற்குப் பொருள் கூறுவது பழைய மரபு. அந்தப் பெயரால் பைசாசம் என்று ஒரு பாஷையே வழங்கிற்று; குணாட்டியர் தம் பிருகத்கதையை அதிலேதான் இயற்றினார். அந்த நூல் கிடைக்கவில்லை. அவர் தம் உதிரத்தையே மையாக்கி ஏழு லட்சம் சுலோகங்கள் எழுதினாரென்றும், அரசன் அவற்றை இகழ்ந்ததனால் காட்டில் தீ வளர்த்து, மிருகங்களும் பறவைகளும் கண்ணீரோடு சுற்றி நின்று கேட்க, ஏடு ஏடாக வாசித்து நெருப்பிலிட்டாரென்றும், ஒரு லட்சமே மிஞ்சிற்றென்றும் கதாசரித்சாகரம் சொல்கிறது. நம் கொங்குவேளிரின் பெருங்கதை அந்த வழியில் வந்தது. விக்கிரமாதித்தனுடைய வேதாளம் சொல்லும் கதைகளும் கதாசரித்சாகரத்தில் உண்டு. பாரத தேசத்தின் மாயக் கதைகளுக்கெல்லாம் பெருங்களஞ்சியம் பேய்களின் பெயரைத் தாங்கிய பாஷையில் எழுதப்பட்டது என்பதும், அது எரிந்துபோக எஞ்சிய கொள்ளியிலிருந்தே நாம் இன்றளவும் விளக்கேற்றிக்கொள்கிறோம் என்பதும் எனக்கு எப்போது நினைத்தாலும் மயிர்க்கூச்செறியும் செய்தி.

இனி வாய். தமிழ்ப் புலவர்கள் பேயை வருணிக்கப் புகுந்தால் முதலில் அவர்கள் கண் போவது வாயின்மேல்தான். கலிங்கத்துப் பரணியில் செயங்கொண்டார் காட்டும் பேய்கள் கைகால் முளைத்த கரும்பனங்காடு போல நிற்கின்றன. அவற்றின் வாய் பிலத்தோடு வாது செய்கிறது. அவ்வாயால் அவ்வயிற்றை நிரப்ப முடிவதில்லை. பசியே அப்பேய்களின் ஸ்வரூபம்; போர்க்களத்தில் அவை கூழ் காய்ச்சிக் குடிக்கும் பகுதியைப் படிக்கும்போது, ஆடி மாதத்தில் எங்கள் குப்பத்து அம்மன் கோயில்களில் வரிசையில் நிற்கும் கூழ்ப்பானைகளை நான் நினையாமல் இருந்ததில்லை. ஆனால் பரணிக்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே, தம்மைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்ட அம்மையார், திருவாலங்காட்டுச் சுடலையில் கண்ட காட்சி இன்னும் நுட்பமானது. ஒரு பேய் கள்ளிக் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, சிதையிலிருந்து ஒரு கடைக்கொள்ளியை இழுத்து, அதை மசித்து மையாக்கிக் கண்ணுக்குத் தீட்டிக்கொள்கிறது, வெடுவெடென்று சிரிக்கிறது, பிறகு தானே வெருள்கிறது, பிணத்தீ சுட்டுவிடவே சினந்து மண்ணை வாரி அதன்மேல் எறிகிறது. சூடு பட்டால் கோபித்துக்கொள்ளும் பேய்! அச்சத்தை எழுதுகிறவர்கள் இதனிடம் கற்கவேண்டியது ஏராளம். பேயை வெறும் பயங்கரமாக்காமல், கண்ணுக்கு மையிடும் ஒரு பெண்ணின் கைவேலையை அதற்குக் கொடுத்த மாத்திரத்தில் அது நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சொல்லின் கதை இவ்வாறிருக்க, சொல்லால் குறிக்கப்பட்ட பொருள் எது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் போன்ற அகராதிகள் கொள்ளிவாய்ப் பேயைத் தீ உமிழும் பேய் என்றும், சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றி மறையும் வெளிச்சம் என்றும் இரு வகையாகப் பொருள் கொள்கின்றன. அழுகிய இலைதழையும் உயிரினங்களும் சேற்றுக்கடியில் காற்றில்லாமல் மட்கும்போது மீத்தேன் உண்டாகிறது. 1776-இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்து எரித்துப் பார்த்தவர் வோல்ட்டா. மீத்தேன் தானாகப் பற்றுவதில்லை. அதனோடு சேர்ந்து எழும் பாஸ்பீன் வகை வாயுக்களே அதைப் பற்றவைக்கின்றன என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். வங்காளத்துக் கழிமுகங்களில் இதே வெளிச்சத்தை ஆலேயா என்று அழைத்து, மூழ்கிய மீனவர்களின் ஆவி என்கிறார்கள்; கச்சின் பன்னிப் புல்வெளியில் அதற்குச் சிர் பத்தி என்று பெயர்; இலத்தீனில் மூடத்தீ என்பது அதன் பெயர். இவற்றுள் அதற்கு வாயைக் கொடுத்த சொல் நம்முடையதே. சேற்றில் குமிழி வெடித்துத் திறக்கும் கணத்தைக் கிட்டத்தில் பார்த்தவன் எவனோ அவனே வாய் என்று சொல்லியிருக்க வேண்டும். அது கற்பனா சக்தியின் வேலை மாத்திரமன்று, கூர்ந்து பார்த்த கண்ணின் வேலையும் ஆகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாய், வாயு என்னும் சொற்களின் ஒலியொற்றுமையைக் கண்டு, கொள்ளிவாய் என்பது கொள்ளிவாயுவின் திரிபு என்று யாரேனும் சொன்னால் நம்பலாகாது. வாய் தமிழ், வாயு வடமொழி, இரண்டுக்கும் உறவில்லை. உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. கொதிக்கும் பானையிலிருந்து எழுவதும் ஆவி, உடம்பிலிருந்து பிரிவதும் ஆவி, பிரிந்தபின் திரிவதும் ஆவி என்று தமிழ் மூன்றையும் ஒரே சொல்லால் அழைக்கிறது. நம் தெருக்களில் இன்று வழங்கும் கேஸ் என்னும் சொல்லின் பிறப்பும் இத்தகையதே. பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் 62 பவுண்டு கரியை எரித்தபோது 1 பவுண்டு சாம்பலே மிஞ்சக் கண்டு, மீதி 61 பவுண்டும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு காட்டு ஆவியாகப் போயிற்று என்று கருதினார்; அதுவரை பெயரற்றிருந்த அந்த ஆவிக்கு, ஆதிக் குழப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கேஸ் என்று பெயரிட்டார். அவர் இறந்தபின் 1648-இல் வெளிவந்த நூலில் இது இருக்கிறது. அவர் சொன்ன காட்டு ஆவியைப் பேய்க்கரும்பு அறிந்த தமிழன் மொழிபெயர்த்தால் பேயாவி என்றுதான் சொல்லுவான். எரிகிற கரியிலிருந்து புறப்பட்ட பேய். அதாவது கொள்ளியின் பேய். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து ஆராய்ச்சிசாலையும் எண்ணூர்ச் சேறும் ஒரே இடத்தில் கைகோத்ததை எண்ணி நான் பல நாள் ஆனந்தப்பட்டதுண்டு.

அந்த ஆனந்தம் 2023 டிசம்பரில் என்னை விட்டுப் போயிற்று. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழியில் படகுகளையும் வலைகளையும் அலையாத்தி வேர்களையும் கரிய பூச்சாகப் பூசியது. அந்தக் கறை காயுமுன், 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறக்கத்திலிருந்து மூச்சுத் திணறி எழுந்த ஜனங்கள் கைக்குழந்தைகளோடு தெருவிலே ஓடினார்கள். பலர் மருத்துவமனை சேர்ந்தார்கள். புதுமைப்பித்தனின் காஞ்சனையில் நள்ளிரவில் காரணம் தெரியாமல் எழும் நாற்றத்தைப் படித்து வாலிபத்தில் நடுங்கியவன் நான். இந்த நாற்றத்துக்கோ காரணம் தெரிந்திருந்தது, ஆனால் உருவமில்லை, வெளிச்சமில்லை, வாயில்லை. “கேஸ் வந்துடுச்சி, ஓடு” என்பதற்கு மேல் அந்த இரவில் சொல் எதுவும் இல்லை. ஆயாவின் காலத்தில் அச்சத்துக்கு ஒரு முகம் வரைந்து, எவ்விடத்தில் கால் வைக்கலாகாது என்று குழந்தைக்குச் சொல்லிவைத்தார்கள். கொள்ளிவாய்ப் பிசாசு எரியும் இடம் ஆள் புதையும் சேறு என்பது அக்கதை கற்பித்த பூகோளம். கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஓடும் கரையில் வளரும் பிள்ளைக்கு அப்படியொரு கதையை எழுதித் தரும் கடமை இக்காலத்துத் தமிழ் எழுத்தாளர்களுக்கு இருக்கிறது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

சென்ற மார்கழியில் ஆயாவின் ஊருக்குப் போய், கழிக்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன்.

“பாக்காம இன்னா தம்பி. சின்ன வயசுல எங்கப்பாரு கூட ராவுல எறால் புடிக்கப் போறப்ப பாத்துக்கிறேன். சேத்துமேல மொழம் ஒயரத்துல நீலமா எரியும். கிட்டப் போனா பூடும். இப்ப எங்கத் திரும்புனாலும் லைட்டு. இருட்டு இருந்தாத்தானே அது தெரியும்.”

சொல்லிவிட்டு எழுந்தார். அனல்மின் நிலையத்தின் விளக்குகள் அக்கரையில் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. இக்கரையில் அலையாத்திப் புதர்களின் ஓரம் மாத்திரம் கருமையாக இருந்தது. இரண்டு கையிலும் வலை இருந்ததால் சட்டைப்பையிலிருந்த சிறு டார்ச்சை முதலிலேயே எடுத்துப் பற்களுக்கிடையே கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் மெல்ல இறங்கி நடந்தார். சிறிது தூரம் சென்றதும் அவர் உடம்பு இருளில் கரைந்து, நீர்மேல் முழ உயரத்தில் அவர் வாயிலிருந்த வெளிச்சம் மாத்திரம் புதரோரமாகப் போய்க்கொண்டிருந்தது.