விருந்தின் ரசமும் எளியோரின் பாத்திரமும்: ஒரு வரலாற்று நோக்கு

கிறிஸ்து பிறப்பின் திருநாள் நெருங்கும்போதெல்லாம், திருப்பூரை அடுத்த மங்கலம் வட்டாரத்துச் சபையாரிடமிருந்து நமக்கு ஒரு கேள்வி வருவதுண்டு. "ஐயா, பண்டிகைக்கு உறவினரும் உடன் வேலை செய்வோரும் வருகிறார்கள். கேக்கோடு கொஞ்சம் வைன் கொடுக்கலாமென்று எண்ணுகிறோம். அதிகச் செலவில்லாமல் எதை வாங்கலாம்?" விசைத்தறியிலும் பனியன் கம்பெனியிலும் உழைத்து, வாரக் கூலியில் மீதம் பிடித்துப் பண்டிகை கொண்டாடும் மக்களின் கேள்வி இது. கானாவூர்க் கலியாணத்தை நினைப்பூட்டி, "கர்த்தரே ரசம் கொடுத்தாரன்றோ?" என்று கேட்கும் வாலிபரும் உண்டு.

இக்கேள்வியை நகைத்து ஒதுக்குவதும், கடிந்து ஒதுக்குவதும் எளிது. இரண்டும் போதகருக்கு அழகல்ல. விருந்துக்கு மலிவான ரசம் எது என்பது திருச்சபையின் வரலாற்றில் பலமுறை எழுந்த வினாவாகும். முன்னோர் அதற்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதை அறிந்தபின் நம் விடையைக் கூறுவது முறை. திருவிருந்தில் எந்த ரசம் என்பது சபை ஒழுங்குக்குரிய தனிக் கேள்வி. அதை இங்கே வேண்டிய அளவிற்கே தொடுகிறோம். நாம் முதன்மையாக நோக்குவது வீட்டுப் பந்தியை.

1. கலிலேயாவும் உரோமையும்

பாலஸ்தீன நாட்டில் திராட்சரசம் பிற நாட்டுப் பண்டமன்று. கோதுமையும் ஒலிவ எண்ணெயும் போலவே அது மண்ணின் விளைவு. குடியானவனின் மலைச்சரிவிலேயே ஆலை வெட்டப்பட்டிருந்தது. அதைத் தண்ணீர் கலந்தே அருந்துவது அக்கால வழக்கம். கானாவூரில் இருந்த ஆறு கற்சாடிகள் ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று குடம் கொள்ளும் என்கிறார் யோவான். கிரேக்க அளவின்படி ஒரு குடம் ஏறத்தாழ 39 லிட்டர். ஆகவே மொத்தம் 470 முதல் 700 லிட்டர் வரையாகும். ஊர் முழுவதும் நாள்கணக்கில் கூடும் விருந்து அது. ரசம் தீர்ந்தது என்றால், எளிய வீட்டாரின் மானம் தீர்ந்தது என்று பொருள். ஆண்டவர் காத்தது அந்த மானத்தையே.

பஸ்கா விருந்தைப் பற்றிய யூத மிஷ்னா ஒழுங்கு இங்கே கருதத்தக்கது. இஸ்ரவேலில் மிக ஏழையானவனுக்கும் நான்கு பாத்திரங்களுக்குக் குறையாமல் ரசம் கிடைக்கவேண்டும். அவனுக்கு வசதியில்லாவிடில் ஊர்த் தருமத்திலிருந்தாவது கொடுக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. பிற்காலத் தல்மூத், உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்து எடுத்த ரசத்தையும் பரிசுத்த வேளைகளுக்கு ஏற்றதென ஒப்புக்கொள்கிறது. பந்தியில் ஒருவனும் விடுபடலாகாது என்பதே இவ்வொழுங்குகளின் உயிர்.

திராட்சை விளையும் நாடுகளிலும் விலை வேற்றுமை இருந்தது. உரோமப் பேரரசன் தியோக்கிளேத்தியன் கி.பி. 301இல் பிறப்பித்த விலைக் கட்டளையில், பாலேர்னியம் முதலிய உயர்ந்த ரசங்கள் அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவுக்கு 30 தினாரியம் என்றும், சாதாரண ரசம் 8 தினாரியம் என்றும் வரையறுக்கப்பட்டுள்ளன. அதே கட்டளையில் வயற்கூலியாளுக்கு உணவு நீங்கலாக நாட்கூலி 25 தினாரியம். அவன் ஒருநாள் உழைப்பு முழுவதும் உயர்ந்த ரசத்தில் அந்த ஓரளவை வாங்கவும் போதாது. போர்ச்சேவகர் குடித்ததோ புளித்த ரசத்தில் நீர் கலந்த பானம். நம் வேதாகமம் காடி என்று குறிப்பிடுவது இதுவே.

இப்பின்னணியில் கொரிந்து சபையை நோக்குவோம். கர்த்தருடைய பந்தி என்று கூடிய இடத்தில் ஒருவன் பசியாயிருக்க, மற்றொருவன் வெறிகொண்டிருந்தான் (1 கொரிந்தியர் 11). வசதியுள்ளோர் முன்னதாகவே வந்து, தங்கள் ரசத்தைத் தாங்களே அருந்தினர். வேலை முடித்துப் பிந்திவந்த எளியோருக்கு எதுவும் மிஞ்சவில்லை. அப்போஸ்தலன் பவுல் ரசத்தின் தரத்தைப்பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களோ என்றே கேட்கிறார். விருந்துப் பானத்தைத் தெரிந்தெடுக்கும் எவருக்கும் முதல் அளவுகோல் இதுவென்று நாம் கருதுகிறோம்.

2. நொய்யற்கரைக்கு வந்த ரசம்

மங்கலத்தை ஒட்டி ஓடும் நொய்யல், உரோமையை அறியாத ஆறன்று. இவ்வாற்றின் கீழ்ப்போக்கில், சென்னிமலைக்கு அருகேயுள்ள கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள், மணிக்கல் அறுத்துப் பட்டைதீட்டிய பட்டறைகளையும் இரும்புருக்கிய உலைகளையும் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வெளிப்படுத்தின. மேற்போக்கிலுள்ள வெள்ளலூரில் உரோம வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. கொங்குநாட்டின் மணிக்கற்களுக்கு மேற்றிசை வணிகர் பொன்னும் வெள்ளியும் கொடுத்தனர், ரசமும் கொண்டுவந்தனர். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் ரசம் வந்த மத்தியதரைக்கடற் சாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், முசிறித் துறையில் இறங்கிய சரக்குகளுள் ரசத்தையும் சேர்க்கிறது; ஆயினும் அது மிகுதியன்று என்கிறது.

அந்தச் சிறு அளவு யாருக்குச் சென்றது? புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் தந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறனுக்குரியதாக நக்கீரர் பாடுகிறார். ஆகவே அது அரசன் கலத்திற்கு உரியதாயிற்று. கொடுமணலில் கல் அறுத்தவன் அதைச் சுவைத்திருப்பான் என்று எண்ண இடமில்லை. இங்கே ஒரு பெரும் வேற்றுமை புலனாகிறது. கலிலேயாவில் ஏழையின் வீட்டுப் பண்டமாயிருந்தது, தமிழ் நிலத்தில் செல்வத்தின் அடையாளமாயிற்று. ரசம் ஒன்றே, ஆனால் அது கடல் கடந்தபோது அதன் சமூகப் பொருள் தலைகீழாயிற்று. "கர்த்தரே கொடுத்தாரன்றோ?" என்று கேட்கும் வாலிபர் இதைக் கவனிக்கவேண்டும்.

3. உதயம்பேரூர் முதல் கோயம்புத்தூர் வரை

திராட்சை விளையாத நாட்டில் திருச்சபை வேரூன்றியபோது இக்கேள்வி கூர்மை பெற்றது. மலையாளக்கரையின் தோமாக் கிறிஸ்தவர்கள், பிற நாட்டு ரசம் அரிதாகையால், உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றை வழிபாட்டில் பயன்படுத்திவந்தனர். 1599ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோவாப் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் இத்தகைய பழக்கங்களைக் குறைபாடாக எண்ணியது; போர்த்துகல் நாட்டு மஸ்கடெல் ரசத்தை ஆண்டுதோறும் தருமமாக அனுப்பும்படி அந்நாட்டரசனை வேண்டிக்கொண்டது. உள்ளூர் எளியோர் தாமே செய்துகொண்ட தீர்வு தள்ளப்பட்டு, அந்நிய அரசனின் தயவை நம்பும் நிலை ஏற்பட்டது. யூத மரபு ஒப்புக்கொண்ட உலர்திராட்சைச் சாறு, கிறிஸ்தவச் சங்கத்திற்கு ஏற்கத்தகாததாகத் தோன்றியது வரலாற்றின் விந்தை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேள்வி வேறு வடிவெடுத்தது. தொழிற்புரட்சிக் காலத்து ஆங்கில, அமெரிக்க ஆலை நகரங்களில் மலிவான சாராயம் தொழிலாளர் குடும்பங்களைச் சீரழித்தது. அதற்கு எதிராக மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. அமெரிக்க மெதடிஸ்டு சபையைச் சேர்ந்த பல் மருத்துவர் தாமஸ் வெல்ச், பிரெஞ்சு அறிஞர் பாஸ்டரின் முறையைக் கையாண்டு, 1869இல் திராட்சைச் சாற்றைச் சூடேற்றிப் புளியாமற் காத்தார். அவர் நோக்கம் வணிகமன்று. தம் சபையின் திருவிருந்துப் பாத்திரமே. இதற்கு மறுப்பும் எழுந்தது. 1888இல் கூடிய லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிக்கப் பேராயர்கள், ரசத்திற்குப் பதிலாக வேறு பானம் பயன்படுத்துவது திருச்சபை வழக்கத்தினின்று விலகுவதாகும் என்று தீர்மானித்தனர்.

இவ்விரு மரபுகளும் தமிழகத்திற்கு வந்தன. 1830இல் கோயம்புத்தூரில் பணி தொடங்கிய இலண்டன் மிஷன் ஊழியர் ஆடிஸ் அவர்களின் வழிவந்த சபைகளும், மெதடிஸ்டு, ஆங்கிலிக்க சபைகளும் 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றிணைந்தன. வட்டார வழக்கங்களோ ஒரே நாளில் ஒன்றாகிவிடவில்லை. 1982இல் லீமா நகரில் நிறைவுபெற்ற ஞானஸ்நானம், திருவிருந்து, ஊழியம் பற்றிய ஏடும், அப்பமும் ரசமும் வழக்கில் இல்லாத நாடுகளில் உள்ளூர் உணவும் பானமும் பொருந்துமா என்னும் கேள்வியை முடிக்காமல் திறந்தே வைத்திருக்கிறது.

4. மதுவிலக்கும் மலிவு மதுவும்

சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் அரசின் வாணிபக் கழகம் தோன்றியது; 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இன்று சம்பள நாளில் மதுக்கடை வாசலில் நிற்கும் வரிசையைத் தொழிலாளர் ஊர்களில் ஊழியம் செய்யும் எவரும் காணாதிருக்க முடியாது. அனுமதியின்றி வீட்டில் மது வடிப்பதோ நொதிக்கவைப்பதோ 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்றும் குற்றமாகும். கேரளத்திலும் 2019 டிசம்பரில், கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டில் வைன் செய்வது தண்டனைக்குரியதென ஆயத்துறை எச்சரித்தது.

"வீட்டில் செய்வது வெறும் பழச்சாறுதானே?" என்பர் சிலர். அது தவறான எண்ணம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 170 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால், நூற்றுக்குப் பத்துப் பங்கு மதுச்சத்து உண்டாகும். அது பீரைப்போல் இருமடங்கு. நம் வேதாகமத்தின் சொல்லாட்சியும் இம்மயக்கத்திற்குத் துணைபோகிறது. கிரேக்கத்தில் ஒரே சொல்லாயிருப்பது, கானாவூரில் திராட்சரசம் என்றும், எபேசியர் 5:18இல் மதுபானம் என்றும் பழைய மொழிபெயர்ப்பில் வருகிறது. ரசம் என்ற சொல்லின் இனிமையால் பொருளை மறந்துவிடுகிறோம்.

இதை நாம் பிறரைச் சுட்டி எழுதவில்லை. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், வேறொரு தறிக் கிராமத்தில், நம் வீட்டிலும் பீங்கான் ஜாடியில் உலர்திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்டும் இட்டு, அட்வெந்து காலம் முழுவதும் மூடிவைத்துப் பண்டிகையன்று பரிமாறினோம். குடியை விட்டு இரண்டாண்டு நிறைந்து, அவ்வாண்டில்தான் திருவிருந்தில் சேர்ந்த ஒரு சகோதரருக்கும் நாமே கிண்ணத்தைக் கையில் கொடுத்தோம். அவர் சற்றுத் தயங்கினார், நம் முகத்தைப் பார்த்தார், குடித்தார். மறுவாரம் அவர் ஆலயத்திற்கு வரவில்லை. தேடிச் சென்றபோது அவர் மனைவி வாசலிலேயே நின்று அழுதார்கள். அவர் கூறியது ஒன்றே: "ஐயா கொடுத்தது தானேன்னு குடிச்சேன்." அவர் மீண்டும் எழுந்து நிற்க ஓராண்டுக்கு மேலாயிற்று. அந்த ஜாடி அதன்பின் நம் வீட்டில் ஊறுகாய்க்கே பயன்படுகிறது.

5. நம் விடை

வரலாறு நமக்குக் கற்பிப்பவை மூன்று. முதலாவது, விருந்தின் ரசம் எளியோரின் மானத்தைக் காக்கவேண்டும். கடன்பட்டு வாங்கும் புட்டி அதைக் காப்பதில்லை. இரண்டாவது, அது அந்தந்த மண்ணுக்கு ஏற்றதாயிருக்கவேண்டும். உலர்திராட்சையை ஊறவைத்த தோமாக் கிறிஸ்தவர்கள், அரசனுக்கு மனு எழுதிய சங்கத்தாரைவிட இதை நன்குணர்ந்திருந்தனர். மூன்றாவது, பந்தியில் எவரும் விடுபடலாகாது. நம் பண்டிகைக்குக் குழந்தைகளும், குடியை விட்டவர்களும், மதுவைத் தொடாத இஸ்லாமிய அயலாரும் வருகிறார்கள். ஒரே ஜாடியிலிருந்து அனைவருக்கும் ஊற்ற இயலாத பானம், விலை எவ்வளவு குறைந்ததாயினும், நம் பந்திக்கு மிக அதிக விலையுள்ளதே.

ஆகவே கேட்பவர்களுக்கு நாம் இவ்வாறு சொல்லிவருகிறோம்: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையோ, அது கிடையாவிடில் அரைக்கிலோ உலர்திராட்சையோ வாங்குங்கள். உலர்ந்ததை முந்தின இரவு இரண்டு லிட்டர் நீரில் ஊறவைத்து, காலையில் இரண்டு கிராம்பும் சிறு துண்டுப் பட்டையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மசித்து வடிகட்டி, ஆறியபின் எலுமிச்சை பிழியுங்கள். ஈஸ்டு வேண்டாம், அன்றே பரிமாறிவிடுங்கள். பத்துப் பதினைந்து பேருக்குச் சிறு கிண்ணங்களில் தாராளமாகக் காணும்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் ஆண்டவரின் முதல் அடையாளம், பிறருக்கு நல்ல ரசம் கொடுத்தது. அவர் இறுதியாகத் தாம் ஏற்றதோ சேவகரின் காடி, உரோம உலகத்தின் மிக மலிவான பானம். நல்லதைப் பிறருக்கு அளித்து, மலிந்ததைத் தமக்கெனக் கொண்டவர் அவர். விருந்து வைக்கும் வீட்டாரும், அவர்களுக்கு ஆலோசனை கூறும் போதகரும் இவ்வொழுங்கை மறவாதிருப்பார்களாக.