கடுக்காய்ப் பொடியும் மாதேஸ்வரன் மலையும்

ஊர் விட்டு ஊர் புறப்படும் நம் மக்களின் பெட்டியில், ஊறுகாய்ச் சாடிக்கும் புதுப் புடவைக்கும் இடையே, பழந்துணியில் முடிந்த சிறு பொட்டலம் ஒன்று இருக்கக் காணலாம். சில வீடுகளில் அது கடுக்காய்ப் பொடி. சில வீடுகளில் நெல்லிக்காயும் தான்றிக்காயும் சேர்ந்த திரிபலைப் பொடி. தாயோ பாட்டியோ இடித்துச் சலித்துக் கொடுத்தது. அயல்நாட்டுச் சுங்கச் சாவடியில் அதிகாரி அதைப் பிரித்து முகர்ந்து, இஃது என்ன என்று வினவும்போது, "வயிற்றுக்கு நல்லது" என்னும் ஒரு தொடருக்கு மேல் நமக்கு விடை தெரிவதில்லை. அக்காய் எந்த மலையில் காய்த்தது, எவர் கை அதைப் பொறுக்கியது என்ற வினாவோ நமக்குள் எழுவதே இல்லை. நூல்களும் அதனை வினவவில்லை. மருந்தின் பெருமையைப் பாடிய ஏடுகள் பல. அதனைக் கொணர்ந்தவர் பெயரைக் குறித்த ஏட்டை யான் கண்டதில்லை. இக்கட்டுரை அவ்வினாவின் பின்னே சிறிது தொலைவு நடக்க முயல்வது.

முதலில் ஏடுகள் சொல்வதைக் கேட்போம். கடுக்காயை வடநூலார் அரீதகி என்பர். அபயா என்றும் வழங்குவர். அபயம் என்பது அச்சமின்மை. சரக சங்கிதையில் மருத்துவம் கூறும் பகுதியின் முதல் இயலே காயகற்பம் பற்றியது. அதன் முதற்கூறு கடுக்காய், நெல்லிக்காய் ஆகிய இரண்டின் பெயராலேயே அமைந்துள்ளது. அறுசுவையுள் உப்பு ஒன்று நீங்கலாக ஏனைய ஐந்தும் இவ்விரு காய்களிலும் உண்டு என்பது ஆயுர்வேத மரபு. 16-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பாவப்பிரகாசம் கடுக்காயை ஏழு வகையாகப் பிரித்து, பருவந்தோறும் அதனை எதனுடன் உண்ண வேண்டும் என்றும் வகுத்தது. கார்காலத்தில் இந்துப்பு, கூதிரில் சர்க்கரை, முன்பனியில் சுக்கு, பின்பனியில் திப்பிலி, இளவேனிலில் தேன், முதுவேனிலில் வெல்லம். நம் தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளும் இவ்வாறு பருவத்துக்கு ஒரு துணைப்பொருள் ஏற்று வரிசையாக நிற்கும் அழகைத் தமிழர் கவனிக்காமல் இருக்க முடியாது. அந்நூல் மரபே கருவுற்றாரும் உடல் மெலிந்தாரும் கடுக்காயை உண்ணலாகாது என விலக்கியதும் நினைவிற்குரியது. எல்லார்க்கும் எல்லாம் என்று அக்கால மருத்துவர் சொல்லிவிடவில்லை.

சித்த மருத்துவமும் இதே காயைப் போற்றியது. காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்பது நாட்டார் அறிந்த ஒழுங்கு. சுக்குக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு என்று பாட்டிமார் சொல்வர். ஆதலின் சுக்கின் மேல்தோலைச் சீவுதல் வேண்டும். கடுக்காயை உடைத்து உள்ளிருக்கும் கொட்டையை எறிதல் வேண்டும். எஞ்சிய தோலை இடித்து வஸ்திரகாயம் செய்து, அதாவது துணியில் சலித்து, இரவில் வெந்நீருடன் கொள்வர். பல் துலக்கும் பொடியிலும் அது சேரும். திரிபலை ஊறிய நீரைத் தெளிய வடித்துக் கண் கழுவும் வழக்கமும் இருந்தது. உலர்ந்த நெல்லிக்காய்க்குச் சித்தர் மரபில் நெல்லிமுள்ளி என்று பெயர். இப்பெயரை இன்று நாட்டு மருந்துக்கடையில் சொல்லிக் கேட்டாலும் எடுத்துத் தருவர்; மொழி அங்கே மட்டும் மூப்படையாமல் இருக்கிறது.

மருந்தோடு அதன் பணி நின்றதா? இல்லை. சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுக் குழைத்துச் சுவரெழுப்பினர் நம் கொத்தர். கடுக்காய்ச் சாற்றுடன் அன்னபேதி சேர்த்துக் கருமை எழுதுமை செய்தனர். கலங்காரித் துணியில் வண்ணம் பற்றுவதற்கு முன் துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்தனர். ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலுக்கு இறுதியில் கடுக்காய் நீர் காட்டினர். இத்தனைக்கும் காரணம் அதன் துவர்ப்பே. இத்துணை உதவிய காயைப் பிறரை ஏய்த்து நழுவுவதற்கு உவமையாக்கி, "கடுக்காய் கொடுத்தான்" என்று சொல்லும் நம் வழக்கு நன்றியுடையதுதானா என எனக்கு ஐயம் உண்டு.

இக்காய் நம் நாட்டெல்லைக்குள்ளும் அடங்கவில்லை. கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றையும் துறவியர் மருந்தாகக் கொள்ளப் புத்தர் இசைந்தார் என்று பௌத்த விநய நூல் கூறும். திபெத்தில் மருத்துவப் புத்தர் திருவுருவம் கையில் ஏந்துவது கடுக்காயே. நடு ஆசியாவின் கூச்சாவில் 1890-இல் கிடைத்த பழஞ்சுவடியிலும் கடுக்காய்க்கெனத் தனிப்பகுதி உண்டு. திரிபலை என்ற சொல் அரபு, பாரசீக மருத்துவத்தில் இத்ரிபல் எனத் திரிந்து, இன்றும் யுனானி மருந்தின் பெயராக வாழ்கிறது. கோவாவில் 1563-இல் அச்சேறிய கார்சியா த ஓர்த்தாவின் உரையாடல் நூல் இக்காய்களை ஐரோப்பியர்க்கு விளக்கியது. நமக்கு முன்பே கடல் கடந்து குடியேறிய தமிழ்நிலப் பொருள்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

இனி மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து மேட்டூர் வழியாகப் பாலாற்றைக் கடந்து மேலேறினால் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பது மாதேஸ்வரன் மலை. இன்று கருநாடக மாநிலம் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997-இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும் வரை மைசூர் மாவட்டம். அதற்கும் முன், 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரை, கொள்ளேகால் வட்டம் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மலை அசையவில்லை, அதைச் சுற்றிய எல்லைக்கோடே அசைந்தது. சேலம், ஈரோடு, தருமபுரி மக்களுக்கு அது இன்றும் தம் வீட்டுத் தெய்வத்தின் மலை. கன்னட மக்கள் எழுபத்தேழு மலைக்கு உடையவர் என்று அச்சிவனடியாரைப் போற்றுவர். புலிமேல் ஏறிவரும் அவர் கதையைக் கம்சாளைத் தாளம் தட்டி இரவெல்லாம் பாடுவர்.

மலைக்குக் கிழக்கே இருப்பது பழைய தகடூர் நாடு, இன்றைய தருமபுரி. பெறற்கரிய நெல்லிக்கனியைத் தானுண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் நாடு. புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் ஔவை அக்கொடையைப் பாடினார். உயர்ந்த மலைப்பிளவில் எளிதில் ஏறவொண்ணாத இடத்தில் கிடைத்த கனி என்கிறது அப்பாட்டு. அது எம்மலை என்று சாதிப்பது நம் வேலையன்று. ஆனால் அந்தப் பிளவில் ஏறியவன் யார் என்று கேட்க மட்டும் மனம் விரும்புகிறது.

மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஏறுபவர் யார் என்பதற்கு விடை உண்டு. அவர்கள் சோளகர், கன்னடத்தில் சோலிகர். தம் முன்னோன் காரய்யன் மாதேஸ்வரனுக்கு மகன் என்பது அவர்கள் மரபுக்கதை. கார்த்திகை தொடங்கிப் பின்பனி வரை நெல்லியும், தை மாசியில் கடுக்காயும் திரளும். கிளையை உலுக்கி வீழ்ந்ததைப் பொறுக்குவர். நெல்லியை உடைத்துக் கொட்டை நீக்கிப் பாறைமேல் உலர்த்துவர். கடுக்காயை முழுதாகவே வெயிலில் காயவிடுவர். மரத்தில் உள்ளதை எல்லாம் வழித்தெடுப்பது அவர் முறையன்று. தெய்வத்துக்கு ஒரு பங்கு, விலங்குக்கு ஒரு பங்கு, காட்டுக்கு ஒரு பங்கு விட்டே எடுப்பர். இதில் வெறும் பக்தி மட்டும் இல்லை. நெல்லிக்கனியைத் தின்னும் புள்ளிமானும் கேளையாடும் அதன் விதையைக் காட்டில் பரப்புகின்றன. மானுக்கு விட்டது மரத்துக்கு விட்டதாகும்.

இக்காய்களின் வாணிகத்தில் சோளகர்க்குக் கிடைத்த பங்கு நெடுங்காலம் மிகச் சிறிது. காட்டை அரசு ஏலம் விட்டது; குத்தகைக்காரர் எடுத்தனர்; பொறுக்கியவருக்குக் கூலி மட்டும். பின்னர்ப் பழங்குடியினர்க்கான பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. லாம்ப்ஸ் என்று மலைமக்களும் அதனை வழங்கினர். கொள்ளேகால், சாமராஜநகர்ப் பகுதிகளில் நெல்லி, கடுக்காய், தேன், பாசி, சீயக்காய் ஆகியவை அவற்றின் வழியே விற்பனைக்கு வந்தன. இடைத்தரகரின் பிடி தளர்ந்தது. ஒழிந்தது என்று சொல்வதற்கில்லை. 1990-களில் வீரப்பனைத் தேடிய வேட்டை இக்காட்டை முற்றுகை நிலமாக்கியது. விறகுக்கும் கிழங்குக்கும் காட்டில் நடமாடவே மக்கள் அஞ்சிய காலம் அது. எல்லையின் இப்பக்கத்துச் சோளகர் பட்ட துயரை ச. பாலமுருகன் 2004-இல் "சோளகர் தொட்டி" என்னும் புதினமாக்கினார்.

அச்சம் ஓய்ந்தபின் வந்தது சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் வந்த திருத்தத்தை ஒட்டி, அடுத்துள்ள பிலிகிரிரங்கன் மலைச் சரணாலயத்தில் விற்பனைக்குக் காய் எடுப்பது 2006-ஆம் ஆண்டளவில் தடைப்பட்டது. பல குடும்பங்களின் பணவரவு ஒரே பருவத்தில் நின்றது. காட்டைக் காப்பதே தடையின் நோக்கம். அந்நோக்கத்தைப் பழிக்க மாட்டேன். குத்தகைக் காலத்து அவசரத்தில் கிளைகளை வெட்டிக் காய் பறித்ததும் உண்மையே. ஆயினும் நெல்லி மரங்களுக்கு இன்று பெரும்பகை புல்லுருவியும், தரைமுழுதும் அடர்ந்துவிட்ட உண்ணிச்செடியும் ஆகும். ஆண்டுதோறும் சிறுதீ வைத்துச் சருகெரித்த காலத்தில் இவை இரண்டும் அடங்கியிருந்தன என்பது சோளக மூத்தோர் கருத்து. அந்தத் தீயும் தடை செய்யப்பட்டதே. மாதேஸ்வரன் மலையில் அதே உண்ணிச்செடியின் தண்டை வெட்டி நாற்காலியும் கூடையும் முடையக் கற்றுக்கொண்டார்கள் என்பது அவர்கள் திறத்துக்குச் சான்று.

2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் மரபுவழிச் சேகரித்து வந்த சிறுவனப் பொருள்கள்மீது அவர்க்கு உடைமையுரிமையே உண்டு என்றது. எடுக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். 2011-இல் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர் சமூக உரிமைப் பத்திரங்களைப் பெற்றனர். அதே ஆண்டில் அக்காடு புலிகள் காப்பகமும் ஆயிற்று. மாதேஸ்வரன் மலைக்காடு 900 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடன் 2013-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரு கையில் உரிமையும் மறுகையில் காவலும் என்ற நிலையில் கடுக்காய் மரம் நிற்கிறது.

கடுக்காய் காயும் மாசித் திங்களில்தான் மகாசிவராத்திரியும் வருகிறது. நம் மாவட்டத்து அடியார் ஆயிரக்கணக்கில் கால்நடையாக மலையேறுவர். அவர்கள் நிழலுக்கு ஒதுங்கும் மரங்களுள் சில கடுக்காய் மரங்கள். உதிர்ந்த காய் ஒன்றிரண்டைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்ளும் மூதாட்டியரும் அக்கூட்டத்தில் இருப்பர். வீடு சேர்ந்ததும் அதைத்தான் அவர்கள் கொட்டை நீக்கி, இடித்து, சலித்து, தொலைவிலுள்ள பேரப்பிள்ளைக்குப் பொட்டலம் கட்டுவர்.