எந்த நாட்டுக்காரர்? மலையகத் தமிழரும் பிரஜாவுரிமையும்

இலங்கையின் 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் தமிழர்கள் முதன்முதலாக இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டு பிரிவுகளாகப் பதியப்பட்டனர். இரண்டாவது பிரிவில் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்தவர்கள். அவர்களுள் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருந்தனர். ஆயினும் அந்தப் பெயர் அடுத்த நூறாண்டுகளுக்கு அவர்களோடு ஒட்டிக்கொண்டது. அவர்கள் இந்தியாவுக்கு விசுவாசமானவர்களா, இலங்கைக்கா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வந்தது.

கோப்பிக் காலத்தில் அந்தக் கேள்வி எழ இடமில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகளோடு வந்த ஆட்களில் பலர், பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1870களில் இலைநோய் தாக்கிக் கோப்பி அழியத் தொடங்கியது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. பயிர் மாறியதால் வந்துபோகிறவர்கள் வாழ்கிறவர்களாயினர். 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தபின், புதிய ஆள்வரவும் ஏறக்குறைய நின்றுபோனது.

அதே ஆண்டு நேரு இலங்கை வந்தபோது, அவருடைய ஆலோசனையின் பேரில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அமைப்பின் பெயரிலேயே இரண்டு நாடுகளும் இருந்தன. ஊருக்குப் பணம் அனுப்புவது, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வது, காந்தி படத்தை லயத்துச் சுவரில் மாட்டுவது எல்லாம் உண்மைதான். அதை மறைத்து எழுதுவது அம்மக்களுக்குச் செய்யும் நன்மையாகாது. கொழும்பில் தொழில் செய்த ஐரோப்பியரும் தம் பிறந்த நாட்டோடு இத்தகைய உறவு வைத்திருந்தனர். ஆனால் சந்தேகம் கூலி வாங்கிய தொழிலாளி மீதே விழுந்தது.

அதற்கு அரசியல் காரணம் இருந்தது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றன. டி. எஸ். சேனநாயக்காவின் அரசு இதைக் கவனித்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, அவ்வாண்டு நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர், தம் தகப்பன் அங்கே பிறந்ததை நிறுவ வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததை நிறுவ வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று எடுத்து வைத்திருந்தவர் எத்தனை பேர்? சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை, ஆனால் அது யாரைத் தொடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. கோடகன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. இந்தச் சட்டங்களை ஒட்டிய பிளவில்தான் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து விலகித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1949இன் இந்திய பாகிஸ்தானியர் வதிவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. திருமணமானவர் ஏழு ஆண்டும் ஆகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. ஊர்ப் பயணமும் ஊருக்கு அனுப்பிய பணமும் இலங்கையில் நிலைக்கும் எண்ணம் இல்லை என்பதற்கான அடையாளங்களாக வாசிக்கப்பட்டன. விசுவாசத்தை அளக்க அலுவலகம் கண்டுபிடித்த கருவி மணியார்டர் ரசீது! எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.

இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. அங்கே வாழ்கிறவர்கள் அந்நாட்டின் பொறுப்பு என்பது நேருவின் நிலைப்பாடு. அவர் மறைந்த சில மாதங்களில் அது மாறியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களின் கருத்து எந்தக் கட்டத்திலும் கேட்கப்படவில்லை.

ஆனால் விண்ணப்பங்கள் ஒரு பதிலைச் சொல்லின. இந்தியாவுக்கென வகுத்த 6,00,000 என்ற தொகையை, இந்தியக் குடியுரிமை கோரியோரின் எண்ணிக்கை கடைசிவரை எட்டவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்களோ ஒதுக்கப்பட்ட அளவைவிட மிக அதிகம். போனவர்களிலும் பலரை அனுப்பியது தாய்நாட்டுப் பற்று அன்று. 1973–74இல் தோட்டங்களைத் தாக்கிய பட்டினியும் 1977இன் வன்முறையும் பலரைப் பெட்டி கட்ட வைத்தன. மலைநாட்டிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வாய்த்ததுண்டு.

1984இல் கப்பல் நிற்கும்வரை, பிறந்த குழந்தைகளையும் சேர்த்து நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இராமேசுவரம் வழியாக வந்திறங்கினர். அரசு ஆவணங்களில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களில் பலர் அந்தத் தாயகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தவர்களுக்கு மறுபடியும் கொழுந்தும் கூடையும்தான். இலங்கையில் ‘இந்தியாக்காரன்’ என்றும் ‘கள்ளத்தோணி’ என்றும் ஏச்சுக் கேட்டவர்கள், நீலகிரியில் ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

இலங்கையில் எஞ்சியவர்களுக்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிரஜாவுரிமை தந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்களின் வழித்தோன்றல்களையும் பிரஜைகளாக ஏற்றது. இடையில் 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாகத் தமிழ்நாடு வந்த மலையகத்தாரின் நிலை வேறு. பூர்வீகத்தால் இந்தியர், முகாம் பதிவேட்டில் இலங்கை அகதி. 2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, அத்தகையோர் சிலர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என உத்தரவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் பெயர்கள் இருந்தன. இலங்கை அதில் இல்லை.